ஓசூரா, பெங்களூரா? வரியும் செலவும்: குடிபோகும் முன் போட வேண்டிய கணக்கு

ஓசூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், வீடு ஓசூரில். காலையில் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் போய், இருட்டிய பிறகு அதே வழியாகத் திரும்பி வர வேண்டும். தூரம் என்னவோ இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் நெரிசலில் அது எவ்வளவு நேரம் என்று போய் வருபவர்களுக்குத்தான் தெரியும். "பேசாம அந்தப் பக்கமே வீடு பார்த்துப் போயிடலாமா?" என்று ஒரு நாளாவது நினைக்காதவர்கள் குறைவு.

என் அக்கா வீட்டிலும் போன மாதம் இந்தப் பேச்சு வந்தது. மாமா எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறார். அக்கா ஓசூரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். "கர்நாடகாவுல வரி கம்மியாமே, பெட்ரோல் விலை வேறயாமே, கரண்ட் ஃப்ரீயாமே" என்று மாமா கேட்டார். நானும் அவரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன். உங்கள் வீட்டுத் தொகைகளைப் போட்டு நீங்களும் செய்து பார்க்கலாம்.

விகிதங்கள் எல்லாம் இந்தக் கட்டுரை எழுதும்போது நடைமுறையில் இருப்பவை. அரசாணை வந்தால் மாறும். எனவே பணம் கட்டும் முன் அந்தந்தத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில்: எந்த வரி மாறாது?

பலர் செய்யும் முதல் தவறு, எல்லா வரியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்று நினைப்பது. அப்படி இல்லை.

வருமான வரி மத்திய அரசின் வரி. ஓசூரில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் ஒரே விகிதம்தான்.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. சோப்பு, பேஸ்ட், ஃபிரிட்ஜ், செல்போன் என எதை வாங்கினாலும் வரி விகிதம் இரு மாநிலத்திலும் ஒன்றே. கடைக்குக் கடை விலை வேறுபட்டால் அதற்குக் காரணம் போட்டியும் கடை வாடகையும்தான், வரி இல்லை.

அப்படியென்றால் எவை மாறும்? தொழில் வரி, பெட்ரோல் டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரி, வண்டிக்கான சாலை வரி, சொத்து வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், உள்ளாட்சிக்குக் கட்டும் சொத்து வரி. மின் கட்டணம் வரி இல்லை என்றாலும் அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

2. தொழில் வரி: வீடு எங்கே என்பது முக்கியமில்லை

தமிழ்நாட்டில் தொழில் வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். அரையாண்டு வருமானம் ரூ.21,000-ஐத் தாண்டினாலே வரி தொடங்கிவிடும். ரூ.75,000-க்கு மேல் போனால் உச்சப் படி. அரையாண்டுக்கு அதிகபட்சம் ரூ.1,250.

கர்நாடகத்தில் இதை மாநில அரசே வசூலிக்கிறது. மாதச் சம்பளம் ரூ.25,000-க்குக் கீழ் என்றால் வரி இல்லை. அதற்கு மேல் என்றால் மாதம் ரூ.200, பிப்ரவரியில் மட்டும் ரூ.300. ஆக, ஆண்டுக்கு ரூ.2,500.

இரண்டு பக்கமும் உச்சவரம்பு ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 276-வது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது.

கவனிக்க வேண்டியது இதுதான்: தொழில் வரி வேலை பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. மாமா ஓசூரில் தூங்கி எழுந்தாலும், வேலை கர்நாடகத்தில் என்பதால் அங்கேதான் பிடித்தம். வீடு மாறினால் இதில் ஒரு ரூபாய்கூட மாறாது. அதே சமயம், ஓசூரில் மாதம் ரூ.22,000 சம்பளம் வாங்குபவர் தொழில் வரி கட்டுவார். அதே சம்பளத்தில் எல்லை தாண்டி வேலை பார்ப்பவர் கட்ட மாட்டார். சின்ன சம்பளக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் உண்டு.

3. பெட்ரோல், டீசல்: பேச்சு பெரிசு, வித்தியாசம் சின்னது

தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும், அதோடு லிட்டருக்கு ரூ.11.52-ம் வரி. டீசலுக்கு 11 சதவீதமும் லிட்டருக்கு ரூ.9.62-ம். கர்நாடகத்தில் பெட்ரோலுக்கு 29.84 சதவீதம், டீசலுக்கு 21.17 சதவீதம்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் கர்நாடகத்தில் இரண்டு மடங்கு போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநில வரிக்கு முந்தைய விலை ரூ.80 என்று வைத்துக்கொள்வோம்.

தமிழ்நாடு: 80-ல் 13 சதவீதம் ரூ.10.40. அதோடு ரூ.11.52. மொத்தம் ரூ.21.92.
கர்நாடகம்: 80-ல் 29.84 சதவீதம் ரூ.23.87.

வித்தியாசம் லிட்டருக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. மாதம் 40 லிட்டர் போட்டாலும் 80 ரூபாய்க்குள் முடிந்துவிடும். டீசலில் இது தலைகீழ். முந்தைய விலை ரூ.75 என்று வைத்தால் தமிழ்நாட்டில் வரி ரூ.17.87, கர்நாடகத்தில் ரூ.15.88. சரக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம், மாமா மாதிரி பைக்கில் போகிறவர்களுக்கு இல்லை. பெட்ரோலுக்காக வீடு மாற வேண்டியதில்லை.

4. புது வண்டி வாங்கப் போகிறீர்களா?

இங்கே வித்தியாசம் கொஞ்சம் கண்ணில் தெரியும். ஒரே தடவையில் கட்டும் ஆயுட்கால வரியைப் பாருங்கள்.

இருசக்கர வாகனம், விலை ரூ.1 லட்சத்துக்கு மேல்: தமிழ்நாடு 12 சதவீதம், கர்நாடகம் 18 சதவீதம்.
கார், ரூ.5 லட்சம் முதல் 10 லட்சம் வரை: தமிழ்நாடு 13, கர்நாடகம் 14.
கார், ரூ.10 லட்சம் முதல் 20 லட்சம் வரை: தமிழ்நாடு 18, கர்நாடகம் 17.

கர்நாடகத்தில் இந்த வரியின் மேல் தனியாக மேல்வரியும் உண்டு என்பதால், 17 என்பது கையில் கட்டும்போது 18-ஐத் தாண்டிவிடும். ரூ.1,20,000 விலையுள்ள பைக்குக்குத் தமிழ்நாட்டில் ரூ.14,400, கர்நாடகத்தில் மேல்வரி இல்லாமலே ரூ.21,600. ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

"அப்போ இங்க வாங்கி அங்க ஓட்டிக்கலாமே?" என்று கேட்பீர்கள். ஓசூரில் குடியிருந்துகொண்டு வேலைக்காகத் தினமும் போய் வந்தால் வண்டி ஓசூர் வண்டிதான், சிக்கல் இல்லை. ஆனால் பெங்களூருக்கே குடிபோய், வண்டியை அங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, பிறகு இங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 'பரிவாஹன்' தளத்தில் தொடங்கலாம். ஆனால் அங்கே கட்டும் பணம் முதலில் உங்கள் கையில் இருந்துதான் போகும். குடிபோகும் செலவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உரிமத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நாடு முழுக்கச் செல்லும்.

5. இடம், வீடு வாங்குவது: சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9. பதிவுக் கட்டணம் முன்பு 4 சதவீதமாக இருந்தது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை மாற்றியபோது 2 ஆகக் குறைக்கப்பட்டது. ரூ.10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு.

கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அந்தத் தீர்வையின் மேல் 10 சதவீதம் மேல்வரியும், நகர்ப்புறத்தில் 2 சதவீதம் கூடுதல் வரியும் உண்டு. பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்தது, 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 ஆகிவிட்டது. எல்லாம் சேர்த்தால் நகர்ப்புறத்தில் 7.6 சதவீதம்.

ரூ.30 லட்சம் மதிப்புள்ள மனைக்குத் தமிழ்நாட்டில் ரூ.2,70,000. கர்நாடகத்தில் ரூ.2,28,000. வித்தியாசம் ரூ.42,000. முதல் விற்பனையாக வரும் புது அடுக்குமாடி வீடுகளுக்கு இரு மாநிலத்திலும் மதிப்பைப் பொறுத்துத் தனிச் சலுகை விகிதங்கள் உள்ளன. அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த ரூ.42,000-ஐ நம்பி முடிவு எடுக்காதீர்கள். ஒரே அளவு மனை எல்லைக்கு அந்தப் பக்கமும் ரூ.30 லட்சத்துக்குத்தான் கிடைக்குமா? அதுதான் கேள்வி. சதவீதம் ஒன்றரை குறைந்து, மனையின் விலை இருபது சதவீதம் கூடினால் லாபம் எங்கே?

இன்னொன்று, ஆவணம். தமிழ்நாட்டில் பட்டா, வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கத்தையும் பதிவுத் துறையின் இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். கர்நாடகத்தில் 'காவேரி' என்ற தளம் பதிவுக்கு. அங்கே 'காத்தா' என்ற ஆவணம் முக்கியம். இப்போது மின்னணு காத்தா இல்லாமல் பத்திரப்பதிவு நடக்காது. இங்கே பட்டா பார்த்துப் பழகியவர்கள் அங்கே போய் 'ஏ காத்தாவா, பி காத்தாவா' என்று கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

சொத்து வரி உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் அரையாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30 மற்றும் அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். அதிகபட்சம் ரூ.5,000.

6. மின் கட்டணம்: 'ஃப்ரீ' என்பதன் முழு அர்த்தம்

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கீடு. எல்லா வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, பில் எகிறும். கோடையில் ஏசி போடுகிறவர்களுக்கு இது தெரியும்.

கர்நாடகத்தில் மாதாமாதம் கணக்கீடு. 'கிருஹ ஜோதி' திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம், வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் 200 யூனிட் கிடைத்துவிடாது. அந்த இணைப்பின் முந்தைய சராசரிப் பயன்பாட்டை வைத்துத்தான் இலவச அளவு முடிவாகும். 200-ஐத் தாண்டினால் மொத்த பில்லையும் கட்ட வேண்டும்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது வாடகையோடு சேர்த்து, அந்த வீட்டின் கடைசி மூன்று மின் பில்களையும் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டேங்கர் லாரி வாங்க வேண்டுமா, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். மாதச் செலவு கையைக் கடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

7. வாடகையும் அட்வான்சும்

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அட்வான்ஸ் வரியைப் படிக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பெங்களூரில் பல மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது பழக்கம். அங்கே 'லீஸ்' என்று சொன்னால் நம் ஊர் ஒத்தி மாதிரி, மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது என்று பொருள் வரும். புரிந்துகொண்டு பேசுங்கள்.

மாமா கேட்டு வந்த தொகை இது. ஓசூரில் இப்போதைய வாடகை ரூ.9,000, போக்குவரத்துக்கு ரூ.3,500. ஆக ரூ.12,500. அந்தப் பக்கம் அதே அளவு வீடு ரூ.16,000, போக்குவரத்து ரூ.800. ஆக ரூ.16,800. மாதம் ரூ.4,300 கூடுதல். அட்வான்ஸ் ஆறு மாதம், ரூ.96,000. அக்காவின் துணிக்கடை வேலையும் போய்விடும்.

ஆனால் ஒன்றை நோட்டில் எழுத முடியவில்லை. மாமாவுக்குத் தினமும் ரோட்டில் போகும் மூன்று மணி நேரம். அதற்கு என்ன விலை போடுவது?

8. பலர் மறந்துவிடும் கணக்கு: திட்டங்களும் பிள்ளைகளின் படிப்பும்

வரியைவிடப் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

*பேருந்து.* தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் எல்லாப் பெண்களுக்கும் இலவசம், ஊர் எது என்று கேட்பதில்லை. கர்நாடகத்தின் 'சக்தி' திட்டம் அந்த மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு. அதற்கான முகவரி ஆதாரம் காட்ட வேண்டும்.

*ரேஷன்.* 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் முன்னுரிமைக் குடும்ப அட்டையும் அந்தியோதயா அட்டையும் உள்ளவர்கள் எந்த மாநிலத்திலும் தங்கள் தானியத்தை வாங்கலாம். மற்ற அட்டைகளுக்கு அது பொருந்தாது. இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்துக்கொள்வது தவறு.

*மகளிர் உதவித்தொகை.* தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் ரூ.1,000. கர்நாடகத்தில் கிருஹ லட்சுமி மாதம் ரூ.2,000. இரண்டுக்கும் தகுதி விதிகள் உண்டு, இரண்டும் அந்தந்த மாநிலக் குடும்ப அட்டையோடு இணைந்தவை. குடிபோன மறுநாளே அங்கே கிடைத்துவிடும் என்று நம்பி, மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

*படிப்பு.* ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் உயர்கல்வி முடியும் வரை மாதம் ரூ.1,000 கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு என்ற தொடர்ச்சி வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் வேறு மாநிலத்தில் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

இந்த வரியைப் படித்ததும் அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தார். "பாப்பா இப்போ எட்டாவது. இன்னும் நாலு வருஷம்" என்றார். அதன் பிறகு பெட்ரோல் விலையை யாரும் பேசவில்லை.

9. நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்.

முதல் பத்தி, மாதச் செலவு: வாடகை, மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு, போக்குவரத்து, பள்ளிக் கட்டணம். இரண்டு ஊருக்கும் தனித்தனியாக.

இரண்டாவது பத்தி, ஒரே தடவைச் செலவு: அட்வான்ஸ், சாமான் ஏற்றும் வண்டி, பள்ளிச் சேர்க்கை, வாகன மறுபதிவு.

மூன்றாவது பத்தி, இழப்பதும் பெறுவதும்: வீட்டில் இன்னொருவரின் வேலை, அரசுத் திட்டங்கள், பிள்ளைகளின் தகுதி, பயண நேரம், பெற்றோரைப் பார்த்துக்கொள்வது.

போவது என்று முடிவானால் செய்ய வேண்டியவை: ஆதாரில் முகவரி மாற்றம், வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்குப் படிவம் 8, காஸ் இணைப்பு மாற்றம், குடும்ப அட்டை, வங்கி முகவரி, வண்டிக்குத் தடையின்மைச் சான்று. பள்ளி மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அலைய வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. கல்யாணம் ஆகாத, இரவுப் பணி பார்க்கும் இளைஞருக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம் எடுப்பதே சரியாக இருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தையோடு இருக்கும் குடும்பம், படிப்பை முழுக்க அங்கேயே தொடங்கலாம். வரி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள் என்பதுதான் இந்தப் பாடம்.

அக்கா வீட்டில், மகள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை ஓசூரிலேயே இருப்பது என்று முடிவாகியிருக்கிறது. மாமா அலுவலகத்தில் காலை ஷிப்ட் கேட்டிருக்கிறார். அது கிடைத்தால் திரும்பி வரும்போது நெரிசல் இருக்காது, சாயங்காலம் பாப்பா பள்ளி விட்டு வரும்போது அவரும் வீட்டில் இருப்பார். அந்த நோட்டை அக்கா தூக்கிப் போடவில்லை. நாலு வருஷம் கழித்துப் புது விகிதங்களைப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்று பீரோவில் வைத்திருக்கிறார்.